மேடு ஏறாத டுக்கர்

1

இந்தக் கதை ஒரு ஹாரன் சத்தத்தில் தொடங்கியது. அந்த ஹாரனை அடிக்கச் சொன்னது நான்தான். பிறகு சொன்னால் மறைத்துவைத்தேன் என்பீர்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஜூலை மாதம், பெடர் ரோடு ஏற்றம், விட்டுவிட்டுத் தூறல். பல் டாக்டரிடம் பதினொன்றரைக்கு நேரம் வாங்கியிருந்தேன். என் டாக்சிக்கு முன்னால் சாம்பல் நிறத்தில் ஒரு பழைய ஃபியட், ஐம்பத்தாறாம் வருஷத்து வண்டி. அந்த உருண்டை முதுகைப் பார்த்து பம்பாய்க்காரர்கள் அதற்கு டுக்கர் என்று பெயர் வைத்தார்கள், அதாவது பன்றி. பக்கத்தில் நடந்து போன ஆள் அதை முந்திக்கொண்டு போனார். பின்னால் கெம்ப்ஸ் கார்னர்வரை வண்டிகள்.

"அடிங்க பையா ஹாரனை" என்றேன்.

டாக்சிக்காரர் அடித்தது போதாதென்று தலையையும் வெளியே நீட்டினார். "ஏ பாவாஜி! மியூசியம் அந்தப் பக்கம்!" பார்சிகளைப் பம்பாயில் பாவாஜி என்றுதான் கூப்பிடுவார்கள். பிறகு ஓட்டுவது ஒரு பெண் என்று கண்டுகொண்டார். "அம்மா, இறங்கித் தள்ளுங்க! சீக்கிரம் போய்ச் சேரலாம்!"

கடந்து போகும்போது பார்த்தேன். ஸ்டீயரிங்கில் நரைத்த கிராப்புத் தலையோடு ஒரு அம்மாள், உதட்டைக் கடித்தபடி. பக்கத்தில் ஒரு பெரியவர். வலது கை மடியில் செயலற்றுக் கிடந்தது. இடது கையால் மூக்கையும் வாயையும் மூடியிருந்தார். புகை நாற்றம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பல் பிடுங்கிய இடம் ஆறிவிட்டது, மூக்கை மூடிய அந்தக் கை மனசில் ஆறவில்லை. மாதுங்காவில் முப்பத்தொரு வருஷமாக இருக்கிறேன். இரண்டு தெரு தாண்டினால் பார்சி காலனி. அவர்களோடு பால் பூத்தில் சண்டை போட்டிருக்கிறேன், கல்யாணங்களில் இலை போட்டுச் சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் அந்த இருவரை மறுபடி பார்க்கவில்லை. ஆகவே இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

'பம்பாயின் பார்சிகள் தங்கள் வண்டிகளைப் பெற்ற பிள்ளைகளைப் போல்' — சுற்றுலாத் துறைக்காரர் எழுதியதைப்போல் இருக்கிறது. அடித்தேன்.

'என்ஜின் என்பது ஒரு நுரையீரல்' — சரிதான், ஆனால் இதை இப்போதே சொன்னால் அப்புறம் கதைக்கு என்ன வேலை? அடித்தேன்.

'தெஹ்மிக்கு அறுபத்தாறு வயது. ஏப்ரல் இருபத்துமூன்றாம் தேதி காலை பதினொரு மணிக்கு அவள் தன் புருஷனைப் பார்த்துக் கத்தினாள்; பதினொன்று ஐந்துக்கு அவர் விழுந்தார்.'

இதை வைத்துக்கொண்டேன்.*

* என் வீட்டுக்காரர் ரயில்வேயில் முப்பத்தைந்து வருஷம் என்ஜின் பார்த்தவர். இந்தக் கதையின் எல்லாப் பிரதிகளையும் படித்துவிட்டுத் தலையை ஆட்டுகிறார். அவர் குறுக்கிடும் இடங்களில் இப்படி நட்சத்திரம் போட்டிருக்கிறேன். இங்கே அவர் கேட்டது: "முதல் வரியிலயே ஆளைத் தள்ளிட்டியா?"

3

விழுந்தவர் பெயர் பர்ஜோர். எழுபத்தொரு வயது. பக்கவாதம். வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. கேட்பதெல்லாம் புரியும், சொல்லத்தான் வராது.

டாக்டர் சொன்னது தெஹ்மிக்கு மனப்பாடம். முதல் ஆறு மாதத்தில் எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவுதான். வாரம் இரண்டு நாள் குன்றின் மேலிருக்கும் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். கைக்குப் பயிற்சி, நாக்குக்குப் பயிற்சி.

ஜூன்வரை பக்கத்து வீட்டார் தங்கள் காரில் கொண்டுபோய் விட்டார்கள். அவர்கள் ஊர் மாறிப் போனபின் தெஹ்மி டாக்சியைக் கூப்பிட்டாள். பர்ஜோர் டாக்சியில் ஏறவில்லை. காலனி வாசலில் நின்ற டுக்கரின் கதவுக் கைப்பிடியை இடது கையால் பற்றிக்கொண்டார். இரண்டு பேர் சேர்ந்தும் பிரிக்க முடியவில்லை.

"சரி, விடுங்க" என்றாள் தெஹ்மி. "கல்யாணம் பண்ணதிலேருந்து இதுதான் மூத்த தாரம், நான் ரெண்டாவது. எனக்குத் தெரியாதா?"

அவளுக்கு நன்றாக வண்டி ஓட்ட வரும். சாவியைப் போட்டாள். இரண்டரை மாதம் கிடந்த என்ஜின் உடனே பற்றிக்கொண்டது. பர்ஜோர் கையை மூக்குக்கும் வாய்க்கும் குறுக்கே வைத்து மூடிக்கொண்டார். அழுகிறார் என்று அவளுக்குப் பட்டது. அவளும் கொஞ்சம் அழுதாள்.

சமதளத்தில் டுக்கர் ஒருமாதிரி ஓடியது. ஏற்றம் வந்ததும் மூச்சு வாங்கியது. முதல் கியரில் உறுமியது, நகரவில்லை. பின்னால் ஒரு டாக்சி ஹாரன் அடித்தது. [அது நான்.] அன்று அவர்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார்கள். நர்ஸ் வேறு ஆளை உள்ளே அனுப்பிவிட்டிருந்தாள். அடுத்த முறை பாதி மேட்டிலேயே திரும்ப வேண்டியதாயிற்று.

4

இனி மெக்கானிக் வர வேண்டும். அஸ்பி. நாற்பத்தைந்து வயது, பார்சி, பூசாரிக் குடும்பம். பதினோரு வயதில் நெருப்புக் கோயிலில் தீட்சை வாங்கி, பதினேழில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு என்ஜினுக்கு வந்தவன்.

முதல் பிரதியில் இவன் சொக்கத் தங்கமாக இருந்தான். எல்லாம் தெரிந்தவன், கனிவானவன், அதிர்ந்து பேசாதவன். அந்த ஆளை எனக்கே பிடிக்கவில்லை. எனவே இரண்டாம் பிரதியில் கர்வத்தைக் கொடுத்தேன். காதால் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்வான். கருவிகள் பெட்டியின் அடியில் கிடக்கும்.

"ஸ்டார்ட் பண்ணுங்க ஆன்ட்டி" என்றான். பானெட்டில் காதை வைத்தான். கண்ணை மூடினான். "பாயின்ட். தேஞ்சு போச்சு. வேற பேச்சே இல்ல."

பிளக்குக்குப் பொறி அனுப்பும் அந்தப் பாயின்டை மாற்றினான். பிளக்குகள் கரி பிடித்திருந்தன, துடைத்தான். டுக்கர் மேடு ஏறவில்லை.

"கார்புரேட்டர். பெட்ரோல் பிசினாட்டம் ஒட்டிக்கிடக்கு, நான் அன்னைக்கே சொன்னேன்."

"அன்னைக்கு பாயின்ட்னுதான் சொன்னே."

"மனசுல சொன்னேன், ஆன்ட்டி."

கார்புரேட்டரைக் கழற்றி ஊதிக் கழுவி மாட்டினான். ஏறவில்லை. டாங்கில் மழைத்தண்ணீர் என்று முழு டாங்கையும் இறைத்தான். ஏறவில்லை. ஒவ்வொரு முறையும் பர்ஜோர் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார், ஒவ்வொரு முறையும் கை மூக்கின் மேல் போனது. தாகம் என்று ஒருநாள் அஸ்பி தண்ணீர் கொடுத்தான். அவர் தட்டிவிட்டார்.*

* "பின்னாடி சைலன்சர் குழாயில கை வெச்சுப் பார்க்க மாட்டானா? என்கிட்ட எடுபிடியா இருந்த கலாசி கூடப் பார்ப்பான்." பார்த்தான். சும்மா நிற்கும்போது புகை வந்தது, போதும் என்று விட்டுவிட்டான். இன்னும் கொஞ்சம் தோண்டியிருக்கலாம்தான். அவன் கர்வமும் என் கதையின் வசதியும் சேர்ந்து அவனைத் தடுத்துவிட்டன.

கடைசியில் நான்கு சிலிண்டரிலும் அழுத்தம் பார்த்தான். நான்கும் பிரமாதமாக இருந்தன. நல்ல செய்திதான், ஆனால் அவன் முகம் விழுந்துவிட்டது.

"எனக்குப் புரியல ஆன்ட்டி. நெருப்பு இருக்கு, எண்ணெய் இருக்கு, காத்து இருக்கு. இழுக்க மாட்டேங்குது. என்ஜினை இறக்கித்தான் பார்க்கணும்."

"எவ்ளோ நாள்?"

"பார்ட்ஸ் தேடணும். ரெண்டு மாசம், மூணு மாசம்."

தெஹ்மி விரல் விட்டு எண்ணினாள். ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர். அக்டோபரில் அந்த ஆறு மாதம் முடிந்துவிடும்.

5

தூறல் பிடித்தது. அஸ்பி குனிந்து சாமான்களைப் பொறுக்கினான். தெஹ்மி அவன் தலைக்கு மேல் குடையைப் பிடித்தாள். அவள் ஏன் அப்போது பேசினாள் என்று எனக்குத் தெரியாது. குடை பிடிக்கிறவருக்கு, பிடிக்கப்படுகிறவரின் முகம் தெரியாது, அதுவாக இருக்கலாம்.

"நான் கத்தினதுலதான் அவர் விழுந்தார், தெரியுமா உனக்கு?"

"ஆன்ட்டி, அதெல்லாம்—"

"சும்மா கேளு டிக்ரா. அன்னைக்கு ஆதர் ரோஜ்."

டிக்ரா என்றால் மகனே. ஆதர் ரோஜை அஸ்பிக்கு விளக்க வேண்டியதில்லை. உங்களுக்கு ஒரு வரி: ஆதர் மாதத்து ஆதர் நாள் நெருப்புக்குப் பிறந்தநாள். வீட்டு அடுப்புக்கு அன்று ஓய்வு. துடைத்துப் பொட்டு வைத்து, பின்சுவரில் குங்குமத்தாலும் மஞ்சளாலும் கரண்டியும் இடுக்கியும் வரைவார்கள். முந்தின நாள் சமைத்ததுதான் சாப்பாடு.

"எட்டு மணிக்கு டுக்கரைத் துடைக்கப் போனார். வருஷா வருஷம் அதுக்கும் பொட்டு, மாலை. அது வயித்துலயும் நெருப்புதானேம்பார். நான் சமையலறையில சுவத்துல வரைஞ்சிட்டிருந்தேன். பதினோரு மணிக்கு ரவா கிண்ணத்தை எடுத்துட்டு வந்தார். கீழ போட்டார். அடுப்பு மேல, கோலத்து மேல, எல்லாத்து மேலயும். நான் என்ன சொன்னேன் தெரியுமா?"

அஸ்பி ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"'கட்டையில போறவனே, ஒரு கிண்ணம் பிடிக்கக் கூடத் துப்பில்லையா'ன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்படியே உக்காந்துட்டார், தரையில. அதுக்கப்புறம் அவர் பேசவே இல்ல. நாப்பத்திரண்டு வருஷத்துல என் வாயிலேருந்து அவர் நல்லா இருக்கறப்ப கேட்ட கடைசி வார்த்தை அது."

[இங்கே அஸ்பி ஏதோ ஆறுதல் சொன்னதாக எழுதியிருந்தேன். நான்கு வாக்கியம். படித்துப் பார்த்தால் அவன் சொன்னதாக இல்லை, நான் சொன்னதாக இருந்தது. எடுத்துவிட்டேன். அவன் சொன்னது "நாளைக்கு வர்றேன் ஆன்ட்டி" மட்டும்தான்.]

6

மறுநாள் வெயில் வந்தது. பர்ஜோரை வாசலில் நாற்காலியில் உட்காரவைத்திருந்தாள் தெஹ்மி. அஸ்பி பெட்டியின் அடியிலிருந்து வேக்கம் கேஜை எடுத்தான். என்ஜின் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று காட்டும் வட்ட முகமும் ஒரு முள்ளும் கொண்ட சாமான். முதல் நாளே எடுத்திருக்க வேண்டியது. அவனுக்கும் அது தெரிந்திருந்தது, அதனால் யார் முகத்தையும் பார்க்காமல் பொருத்தினான்.

சும்மா ஓடும்போது முள் ஆடாமல் நின்றது. "இப்ப மிதிங்க ஆன்ட்டி. மிதிச்சு அப்படியே பிடிங்க."

என்ஜின் உறுமியது. முள் மேலே போய் நின்றது. பிறகு மெல்ல மெல்ல இறங்கத் தொடங்கியது. யாரும் தொடவில்லை, தானாகவே இறங்கியது. உள்ளே வாங்கிய மூச்சை வெளியே விட முடியாத என்ஜின் அப்படித்தான் காட்டும். அஸ்பி நிமிர்ந்தான். நிமிர்ந்தவன் பர்ஜோரைப் பார்த்தான்.

அவர் கை மறுபடி போயிருந்தது. நான்கு விரல்களும் சேர்ந்து, மூக்குத் தண்டின் மேல் படுக்கையாக, கண்ணுக்குக் கீழே சரியாக ஒரு விரல் இடம் விட்டு. அழுகிறவர் இப்படி மூடுவதில்லை. நாற்றத்துக்கு மூடுகிறவர் மூக்கைப் பிடிப்பார். பதினோரு வயதில் அஸ்பி அந்த இடத்தில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு நெருப்பின் முன் நின்றிருக்கிறான். மூச்சும் எச்சிலும் நெருப்பில் படக்கூடாது என்று பூசாரி கட்டிக்கொள்கிற பதான். அதை எங்கே கட்ட வேண்டும் என்று பிரம்பு வைத்துச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

"அங்கிள்" என்றான் மெதுவாக. "பதானா?"

பர்ஜோரின் கண் நிறைந்தது. கை கீழே இறங்கியது. அந்தக் கையாலேயே டுக்கரின் பின்பக்கத்தைக் காட்டினார்.*

* "மூணு மாசமா அந்தக் கையாலயே காட்டியிருக்கலாமே? எழுதிக் காட்டியிருக்கலாமே?" எழுத்தும் பேச்சோடு போய்விட்டது, டாக்டரைக் கேட்டுத்தான் எழுதினேன். பின்பக்கத்தைக் காட்டவும் காட்டினார். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம், வீட்டுக்குத் திரும்பு என்கிறார் என்று தெஹ்மி எடுத்துக்கொண்டாள்.

7

அஸ்பி வண்டிக்கு அடியில் போனான். புகைக்குழாயின் கிளாம்பைத் தளர்த்தி வால்பகுதியைத் தனியாக உருவினான். குழாயின் நுனி எப்போதோ மதிலில் இடித்து நசுங்கிக் குறுகியிருந்தது. கம்பியை வளைத்து உள்ளே விட்டு இழுத்தான். கம்பி முழங்கை நீளத்துக்கு உள்ளே போன பிறகுதான் பட்டது. வளைவுக்கு அந்தப் பக்கம் இறுக்கமாக ஒரு பந்து, புகை தள்ளியும் வளைவில் மாட்டி வெளியே வராமல். கரியாக வெளியே வந்தது. பிரித்தான். நடு மடிப்பு இன்னும் வெள்ளையாக இருந்தது. மல் துணி.

குழாய் இல்லாமலேயே என்ஜினைப் போட்டான். காலனி முழுவதும் ஜன்னல் திறந்து திட்டியது. முள் ஏறி நின்றது, நின்றே இருந்தது.

தெஹ்மி துணியைப் பார்த்ததும் கைதட்டினாள். "பார்த்தியா! இந்த வருஷமும் வெச்சிருக்கார்! ஆதர் ரோஜுக்கு டுக்கரோட வாயைக் கட்டணுமாம். நான் எத்தனை வாட்டி சொல்லியிருப்பேன், 'பர்ஜோர், வாய் முன்னாடி இருக்கு, நீ மூடறது வேற இடம்'னு! காலனியே சிரிக்கும்."

பர்ஜோரும் சிரித்தார். முகத்தின் ஒரு பாதி சிரித்தது, அது போதுமானதாக இருந்தது. ஏப்ரலிலிருந்து சொல்ல முயன்றதைச் சொல்லி முடித்துவிட்ட மனிதராக நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவர் இடது கை மடியில் வலது கையின் மேல் கிடந்தது.

"ஆனா நான் பார்த்தேனே" என்றாள் தெஹ்மி, சிரிப்பு இன்னும் மிச்சமிருந்த குரலில். "அன்னைக்கு சாயங்காலம் ஆஸ்பத்திரியிலேருந்து திரும்பி வந்து பார்த்தேன். எப்பவும் ஒரு சாண் வால் வெளியே தொங்கும், மறுநாள் இழுக்கறதுக்கு. ஒண்ணுமே தொங்கல. வைக்கறதுக்குள்ள விழுந்துட்டார்னு நினைச்சேன்."

நின்றாள். அஸ்பி கையிலிருந்த கம்பியைப் பார்த்தாள். முழங்கை நீளத்துக்குக் கரி.

"எவ்வளவு உள்ளே இருந்துச்சு, டிக்ரா?"

8

இங்கேதான் நான் பதினேழு நாளாக நிற்கிறேன்.

அஸ்பிக்குத் தெரிந்தது இதுதான். விரலுக்கு உணர்ச்சி இருக்கிறவர் ஒரு சாண் விட்டு நிறுத்துவார். எங்கே நிறுத்துவது என்று தெரியாத கை, தூசி தட்டும் குச்சியாலோ எதனாலோ, வளைவு தாண்டித் தள்ளிக்கொண்டே போயிருக்கிறது. காலை எட்டு மணிக்கே அந்தக் கை போய்விட்டிருந்தது. கிண்ணம் விழுந்ததும் அதனால்தான்.

முடிவு ஒன்று எழுதினேன்:

'"ஒரு விரக்கடை ஆன்ட்டி. ஓட ஓட உள்ளே போயிருக்கும்" என்றான் அஸ்பி.'

வீட்டுக்காரர் உடனே சொன்னார்: "புகை வெளியே தள்ளும்டி, உள்ளே இழுக்காது. அந்தம்மா வண்டி ஓட்டறவங்க. நம்ப மாட்டாங்க." நம்பினாலும் என்ன? கத்தியதால்தான் விழுந்தார் என்ற எண்ணத்தோடு மிச்ச வாழ்க்கையையும் அவள் கழிக்க வேண்டும்.

முடிவு இரண்டு:

'"முழங்கை நீளம், ஆன்ட்டி. எட்டு மணிக்கே அவருக்குக் கை போயிருச்சு. நீங்க கத்தினதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல." தெஹ்மி அவன் கரிக்கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பாரம் இறங்கிய'

அந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. ஏனென்றால் அழுது முடித்ததும் அவள் எண்ணத் தொடங்குவாள். எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று. அந்த மூன்று மணி நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால்? அவள் அவருக்கு முதுகைக் காட்டியபடி சுவரில் இடுக்கி வரைந்துகொண்டிருந்தாள். ஒரு குற்றத்தை வாங்கிக்கொண்டு இன்னொன்றைக் கொடுப்பது என்ன கருணை? ஆனால் கேட்கிறவள் தெரிந்துகொள்ளத்தானே கேட்கிறாள்? எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப் போய்விட்டது, அதுதான் கஷ்டம்.

மூன்றாவதாக ஒன்று: பர்ஜோர் நாற்காலியிலிருந்து கையை அசைத்து, சொல் என்றோ வேண்டாம் என்றோ காட்டுகிறார். இதை ஒரு முழு நாள் ஆசையாக வைத்திருந்தேன். பிறகு விட்டுவிட்டேன். மூன்று மாதம் ஒரே செய்தியைச் சுமந்த மனிதர், இப்போதுதான் கையை மடியில் வைத்திருக்கிறார். மறுபடி தூக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

டுக்கரைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம். திங்கட்கிழமை அது இரண்டாவது கியரில் பெடர் ரோடு மேட்டை ஏறும். பர்ஜோர் முன்சீட்டில் இருப்பார். நேரத்துக்குப் போய்ச் சேர்வார்கள். அது என் பொறுப்பு, எழுதிக் கொடுக்கிறேன்.

மற்றதை உங்களிடம் தருகிறேன். ஹாரன் அடித்தவள் நான். அவள் முகத்துக்கு நேரே பதில் சொல்ல எனக்கு என்ன யோக்யதை இருக்கிறது என்று தெரியவில்லை. நீங்கள் அடிக்கவில்லை. உங்களுக்குக் கொஞ்சம் நேரமும் வாங்கித் தருகிறேன்: கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்லாமல் கையைத் துடைக்க மெக்கானிக்குக்கு உரிமை உண்டு. அஸ்பி மண்ணெண்ணெய்த் துணியை எடுத்திருக்கிறான். சுண்டுவிரலைத் துடைக்கிறான். மோதிர விரல். நடுவிரல். தெஹ்மி இன்று குடை இல்லாமல் அவன் எதிரில் வந்து நிற்கிறாள், இந்தமுறை அவன் முகம் அவளுக்கு நன்றாகத் தெரிகிறது. ஆள்காட்டி விரலும் ஆயிற்று.

கட்டை விரல்தான் பாக்கி.